கூலன்ட் கழிவுநீர் மெம்பிரேன் தகராறு செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லேத், கிரைண்டிங், சிஎன்சி ஓடும் பட்டறைகளில் சம்ப்பை (மெஷினின் கூலன்ட் தொட்டியை) காலி செய்யும்போது வெளியே வரும் கூலன்ட்டை, அதாவது உலோகம் வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெயும் சோப்பும் கலந்த நீரை, பார்த்திருப்பீர்கள். பால் கலந்த மாதிரி வெள்ளையாக இருக்கும், பழசானால் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். இந்த வெள்ளையைத் தொட்டியில் விட்டு வைத்துப் பிரிக்க முடியாது. 150 மைக்ரான் எண்ணெய்த் துளி தண்ணீரில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மேலே வரும், 10 மைக்ரான் துளிக்கு 2 சென்டிமீட்டர் ஏறவே ஒரு மணி நேரம் ஆகும். கூலன்ட்டில் இருப்பவையோ அதைவிடச் சின்னவை, அதோடு சோப்புப் போர்த்தியவை. அதனால்தான் கோவை, ஓசூர், அம்பத்தூர் என்று பட்டறைகள் நிறைந்த ஊர்களில் இதற்கு யூஎஃப் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) மெம்பிரேன், அதாவது நுண்துளைகள் கொண்ட வடிகட்டிச் சவ்வு, போடுகிறார்கள்.

போட்ட பிறகு ஒருநாள் தொல்லை ஆரம்பிக்கும். உடனே "மெம்பிரேன் போச்சு, மாத்தணும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் மெம்பிரேன் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் ஏதோ ஒன்று மாறியிருந்தது: புது கூலன்ட் பிராண்ட், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் புது டிக்ரீசர், அழுக்கைத் திரட்டப் போடும் பாலிமர் அளவு கூடிப்போனது. அதனால் மெம்பிரேன் இருக்கும் ஹவுசிங்கைத் திறப்பதற்கு முன் பட்டறைக்குள் போய், இந்த மாதம் புதிதாக என்ன கேன் வந்திருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

மெம்பிரேனுக்குள் போகும் நீரை ஃபீட் என்றும், அதைத் தாண்டி வரும் நீரைப் பெர்மியேட் என்றும், ஒரு சதுர மீட்டர் மெம்பிரேன் மணிக்கு எத்தனை லிட்டர் விடுகிறது என்பதை ஃப்ளக்ஸ் என்றும் சொல்கிறேன். ஆலையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.

எதற்கும் முன்னால் வெப்பநிலை

ஃப்ளக்ஸ் குறைந்துவிட்டது என்று சொல்லும்போது தொட்டி நீர் எத்தனை டிகிரி என்று பாருங்கள். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் அதன் பிசுபிசுப்பு கால் பங்கு கூடும், மெம்பிரேனில் ஒரு குறையும் இல்லாமலே ஃப்ளக்ஸ் 20 சதவீதம் விழும். மார்கழிக் காலையில் ஒரு பட்டறையில் இதைப் பார்த்துப் பயந்து ஒரே வாரத்தில் மூன்று முறை கெமிக்கல் கிளீனிங் செய்துவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு அளந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க வேண்டாம்.

ஃப்ளக்ஸை மெம்பிரேன் அழுத்தத்தால் வகுத்து, வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மெம்பிரேன் புதிதாக வந்த அன்று சுத்தமான தண்ணீரில் இந்த எண் எவ்வளவு என்பது மிக முக்கியம். அது இல்லாவிட்டால் பின்னால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. இன்னும் எடுக்கவில்லை என்றால், அடுத்த நல்ல கிளீனிங் முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஓட்ட ஆரம்பித்த அரை மணிக்குள் ஃப்ளக்ஸ் சரிகிறது

ஒரு கண்ணாடி ஜாடியில் ஃபீட் நீரைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே எண்ணெய் ஏடு கட்டினால், மெம்பிரேனுக்கு வரவே கூடாத மிதக்கும் எண்ணெய் வந்துகொண்டிருக்கிறது. மெஷினின் ஸ்லைடுவே ஆயில், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் கூலன்ட்டில் கசிந்து கலப்பதுதான் இது. மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் பெல்ட் ஓடுகிறதா, தொட்டியில் உறிஞ்சு குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபீட் தொட்டி மட்டம் இறங்க இறங்க மேலே மிதக்கும் எண்ணெய் உறிஞ்சு வாய்க்கே வந்துவிடும். லெவல் சுவிட்சைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்ததும் சரியான ஆலைகள் உண்டு.

ஜாடியின் அடியில் கறுப்பு வண்டல் தங்கினால் அது இரும்புத் தூளும் கிரைண்டிங் கல் பொடியும். மெம்பிரேனுக்கு முன்னால் இருக்கும் பை ஃபில்டர் கிழிந்திருக்கும், அல்லது யாரோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள்.

ஜாடியில் ஏடும் இல்லை, வண்டலும் இல்லையா? சரி, அழுத்தத்தைச் சோதியுங்கள். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஃப்ளக்ஸும் கூடுகிறதா? கூடாமல் அதே இடத்தில் நின்றால், மெம்பிரேன் முகத்தில் எண்ணெய்ப் படலம் தடித்துவிட்டது. இனி எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் படலம்தான் இறுகும். அழுத்தத்தைக் கூட்டுவது இங்கே தப்பான வைத்தியம், ஆனால் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். அழுத்தத்தைக் குறைத்து, சுழற்சிப் பம்ப்பின் ஓட்டத்தைக் கூட்டுங்கள். குழாய் வடிவ மெம்பிரேனிலும் செராமிக்கிலும் நீர் நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழே ஓடினால் முகத்தை அரித்துச் சுத்தமாக வைத்திருக்கும் வலு போதாது. பம்ப் தேய்ந்ததா, ரிட்டர்ன் வால்வு பாதி மூடியிருக்கிறதா என்று அப்புறம் பாருங்கள்.

இன்னொன்று. எண்ணெய் பிரிப்பானுக்கு நீரை அனுப்பும் பம்ப் வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப்பாக இருந்தால், பெரிய துளிகளை அதுவே நறுக்கிச் சின்னதாக்கிவிடும். பிரிப்பானில் பிடிபட வேண்டிய எண்ணெய் மெம்பிரேன் வரை வந்து சேரும். அந்த இடத்தில் ஸ்க்ரூ பம்ப் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

அறிகுறி: கிளீனிங் செய்தாலும் பழைய ஃப்ளக்ஸ் வரவில்லை

முதல் கேள்வி, எந்த வரிசையில் கழுவினீர்கள்? பலர் போர் தண்ணீரின் உப்பை நினைத்து ஆசிடில் ஆரம்பிக்கிறார்கள். எண்ணெய் மெம்பிரேனில் அது சிக்கலை வளர்க்கும். படலத்தில் இருக்கும் சோப்பு ஆசிட் பட்டதும் கொழுப்பு அமிலமாக மாறி, பிசின் மாதிரி மெம்பிரேன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் கலந்த குழம்பைப் பிரிக்க ஆசிட் விடுவோமே, அதே வேலைதான் மெம்பிரேன் துளைக்குள் நடக்கிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வெதுவெதுப்பான மென்னீரால் நன்றாக அலசுங்கள். அடுத்து காரமும் சோப்பும் சேர்ந்த கிளீனர், சூடாக, அரை மணியிலிருந்து ஒரு மணி வரை சுழலட்டும். பாலிமர் மெம்பிரேனுக்கு 40 டிகிரி போல, செராமிக்குக்கு 70 வரை. எவ்வளவு காரம், எவ்வளவு சூடு என்பதற்குத் தயாரிப்பாளர் தாளில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள். அலசிவிட்டுச் சுத்த நீர் ஃப்ளக்ஸ் எடுங்கள். அதன் பிறகுதான் சிட்ரிக் ஆசிட். திரும்ப அலசல், திரும்ப ஃப்ளக்ஸ். வழவழப்பும் நாற்றமும் இருந்தால் கடைசியில் ஹைப்போ (குளோரின் ப்ளீச் கரைசல்), அதுவும் மெம்பிரேன் தாங்கும் என்றால் மட்டும். ஆசிடும் ஹைப்போவும் ஒரே குழாயில் சந்திக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நடுவில் பிஎச் தாள் வைத்துப் பார்த்து, அலசல் நீர் பச்சைத் தண்ணீரின் பிஎச்சுக்குத் திரும்பிய பிறகே அடுத்த கெமிக்கல்.

ஒவ்வொரு படிக்கும் ஃப்ளக்ஸ் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் படியில் ஃப்ளக்ஸ் துள்ளி ஏறியதோ அதுதான் உங்கள் அடைப்பின் பெயர். வெறும் அலசலிலேயே ஏறினால் மேலோட்டமான படலம், ஓட்டும் முறையைத்தான் மாற்ற வேண்டும். காரத்தில் ஏறினால் எண்ணெய். ஆசிடில் ஏறி, கரைசலும் மஞ்சளாக வந்தால் இரும்பு. ஹைப்போவில் ஏறினால் கிருமிப் படலம்.

கடினநீர் இருக்கும் ஊரில் இன்னொரு வகை உண்டு. சோப்பும் கால்சியமும் சேர்ந்து, கடினநீரில் துணி துவைக்கும்போது வாளியில் திரியுமே வெள்ளைத் திப்பி, அது துளையை அடைக்கும். காரம் தனியாக இதைக் கரைக்காது, ஆசிட் தனியாக விட்டால் கொழுப்பு மிஞ்சும். கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ கலந்த காரக் கிளீனர், அல்லது காரம், ஆசிட், திரும்பவும் காரம் என்ற மூன்று நடை வேண்டும். கிளீனிங் கரைசலைப் போர் தண்ணீரில் கலக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

எந்தப் படியிலும் ஏறவில்லையா? அப்போது இரண்டு பேரைச் சந்தேகப்படுங்கள். ஒன்று சிலிக்கோன் கலந்த நுரை அடக்கி. தொட்டியில் நுரை பொங்குகிறது என்று யாரோ ஒரு கப் ஊற்றியிருப்பார்கள். சிலிக்கோன் பாலிமர் மெம்பிரேனில் ஒட்டினால் எடுப்பது மிகக் கடினம். இன்னொன்று, முன்னால் இருக்கும் டாஃப் தொட்டியில் (காற்றுக் குமிழால் எண்ணெயை மிதக்க வைக்கும் தொட்டி) போடும் நேர்மின் பாலிமர். அளவு கூடினால் மிச்சம் மெம்பிரேனுக்கு வரும். மெம்பிரேன் பரப்பு பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டது, இரண்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். மெம்பிரேனுக்கு முன்னால் பாலிமர் போடுவதே வேண்டாம் என்பது என் கட்சி. போட்டே ஆக வேண்டும் என்றால் தினமும் ஜார் டெஸ்ட் செய்து (ஜாடிகளில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்த்து), தேவைக்கு ஒரு சொட்டும் மிஞ்சாமல் போடுங்கள்.

செராமிக் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்த மின்தன்மை உதவும். சிலிக்கான் கார்பைடு நாம் வழக்கமாக ஓட்டும் பிஎச் எல்லாவற்றிலும் எதிர்மின் தன்மையோடு இருக்கும். எதிர்மின் சோப்புப் போர்த்திய எண்ணெய்த் துளியை அது தள்ளிவிடும், அதனால் கூலன்ட்டுக்கு நன்றாக உழைக்கும். அலுமினாவோ பிஎச் 8, 9 வரை நேர்மின் பக்கம் நிற்கும், அதே சோப்பை இழுத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டும் செராமிக்தானே, விலை குறைந்ததை வாங்குவோம் என்று முடிவு செய்வதற்கு முன், உங்கள் கூலன்ட்டில் எந்த வகை எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைக்கும் சோப்பு) இருக்கிறது என்று சப்ளையரிடம் கேளுங்கள்.

அறிகுறி: பெர்மியேட் கலங்கலாக வருகிறது

எப்போதிருந்து என்பதை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை தெளிவு, இன்று காலை பால் என்றால் ஏதோ உடைந்திருக்கிறது. ஒவ்வொரு மாட்யூலின் (மெம்பிரேன் அடங்கிய ஒரு கட்டு) பெர்மியேட்டையும் தனித்தனி டம்ளரில் பிடியுங்கள். ஒரே டம்ளர் மட்டும் கலங்கியிருந்தால் அந்த மாட்யூலை மூடிவிட்டு மற்றவற்றை ஓட்டலாம். அதை வெளியே எடுத்து, நனைந்த நிலையிலேயே குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இழை வகை மெம்பிரேன் என்றால், குமிழ் வரும் இடத்தில் இழை அறுந்திருக்கும்.

இழை அறவில்லை என்றால் ஓ-ரிங்கைப் பாருங்கள். ஈபிடிஎம் ரப்பர் மினரல் ஆயிலில் ஊறி வீங்கும். தண்ணீர் ஆலைகளுக்குப் பழகிய ஆட்கள் கையில் அதுதான் இருக்கும், அவசரத்துக்கு அதையே போட்டுவிடுவார்கள். ஒரு மாதத்தில் அது கொழகொழவென்று ஆகி எண்ணெயைப் பக்கவாட்டில் விட்டுவிடும். எண்ணெய்க்கு விட்டான் ரப்பர் நல்லது, ஆனால் சூடான காரத்தில் அதுவும் நாளடைவில் கெடும். ஆகவே விட்டான் போட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றிவிடுங்கள். சின்ன ரிங், பெரிய தலைவலி.

எல்லா டம்ளரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கியிருந்தால் கதை வேறு. எண்ணெய் துளைக்குள் நுழையாமல் நிற்பதற்குக் காரணம் துளையின் அளவு மட்டும் இல்லை. தண்ணீரை விரும்பும் துளைக்குள் எண்ணெய்த் துளி நெளிந்து நுழைய ஒரு அழுத்தம் வேண்டும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள பரப்பு இழுவிசை மீட்டருக்கு 20 மில்லிநியூட்டன் என்றால், 0.1 மைக்ரான் துளைக்குள் புக கிட்டத்தட்ட 8 பார் தேவை. நாம் ஓட்டுவது 1, 2 பாரில், அதனால் கவலை இல்லை. இப்போது பட்டறையில் தரை கழுவ வீரியமான டிக்ரீசர் வந்து அதே தொட்டியில் கலக்கிறது என்று வையுங்கள். இழுவிசை 2 மில்லிநியூட்டனுக்கு விழுந்தால் தடுப்பு 0.8 பாருக்கு இறங்கிவிடும். நீங்கள் அதே 1.5 பாரில்தான் ஓட்டுகிறீர்கள், மெம்பிரேனும் அதேதான், ஆனால் எண்ணெய் உள்ளே நுழைகிறது.

சோதிப்பது எளிது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பெர்மியேட் தெளிந்தால் இதுதான் காரணம். தரை கழுவும் நீரைத் தனித் தொட்டிக்குத் திருப்பும் வரை குறைந்த அழுத்தத்திலேயே ஓட்டுங்கள். அழுத்தத்தைக் குறைத்தும் தெளியவில்லை என்றால் உடைப்பைத் தேடும் பக்கம் திரும்பிப் போங்கள்.

வெளியே வரும்போது தெளிவாக இருந்து, வெயிலில் சூடானதும் கலங்கி, ஆறியதும் மறுபடி தெளிந்தால் அது எண்ணெய்க் கசிவு இல்லை. சிந்தெட்டிக் கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால், மின்னேற்றம் இல்லாத சோப்பு வகைகள் குளிரில் கரைந்து சூட்டில் பிரியும் குணம் உள்ளவை. தெளிவாக வந்து, இரண்டு நாளில் கலங்கி நாற்றம் அடித்தால் கிருமி. இதற்காக மெம்பிரேனைத் தொட வேண்டாம்.

அறிகுறி: கண்ணாடி மாதிரி தெளிவு, ஆனால் லேப் ரிப்போர்ட் ஃபெயில்

ஆயில் அண்ட் கிரீஸ் அளவு ஆறு, ஏரிகளில் விடுவதற்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடைக்கு 20 என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. பெர்மியேட் பளிச்சென்று இருக்கும்போது ரிப்போர்ட்டில் 40 என்று வந்தால் லேப்பைச் சந்தேகிப்பார்கள். லேப்பில் நடப்பது இதுதான்: மாதிரியில் ஆசிட் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே இறக்கிய பிறகே ஹெக்சேன் என்ற கரைப்பான் கொண்டு பிரித்தெடுப்பார்கள். நீரில் கரைந்து மெம்பிரேனைத் தாண்டி வந்த சோப்பு அந்த ஆசிடில் கொழுப்பு அமிலமாகி ஹெக்சேனுக்குள் போய்விடும். கணக்கில் அதுவும் எண்ணெய்தான்.

நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பெர்மியேட்டை எடுத்து, சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டு பிஎச் 2க்குக் கொண்டு வாருங்கள். தெளிந்த நீர் புகை மூட்டம் போலக் கலங்கினால் கரைந்த சோப்பு இருக்கிறது. யூஎஃப் மெம்பிரேன் கரைந்த பொருளைப் பிடிக்காது, இன்னும் விலை உயர்ந்த யூஎஃப் வாங்கினாலும் பிடிக்காது. பெர்மியேட்டைத் தனித் தொட்டியில் ஆசிடாக்கி, மேலே வருவதை வழித்துவிட்டு, நடுநிலைக்குக் கொண்டு வரலாம். அல்லது பின்னால் உயிரியல் தொட்டியோ கார்பனோ வேண்டும். சிஓடி (நீரில் இருக்கும் கரிமக் கழிவைக் காட்டும் அளவு) அதிகம் என்று ரிப்போர்ட் வந்தாலும் இதே கதைதான், கிளைக்காலும் அமீனும் யூஎஃப்பைச் சர்வ சாதாரணமாகத் தாண்டிவிடும்.

மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி பாட்டில்தான் சரி.

அறிகுறி: பூச்சுப் போட்ட புதுவகை வலை, ஒரு நாள் வேலை செய்து மறுநாள் எண்ணெயையும் விடுகிறது

எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் இந்த வலைகளில் இரண்டு குலம் உண்டு. 2004இல் சீனாவின் லெய் ஜியாங் குழுவினர் செய்து காட்டியது தண்ணீரை விரட்டி எண்ணெயை விடும் வகை. 2011இல் அதே குழுவினர் எஃகு வலை மேல் பாலிஅக்ரிலமைடு ஹைட்ரோஜெல் பூசி, தண்ணீரை விட்டு எண்ணெயை நிறுத்திக் காட்டினார்கள். அதற்குப் பின்னால் இருந்தது மீன் செதில். தண்ணீருக்குள் மீனின் மேல் எண்ணெய் ஒட்டுவதில்லை, செதில் தன் மேல் ஒரு நீர்ப் படலத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். அதனாலேயே இது தப்பான இடத்தில் போடப்பட்டுத் தோற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இரண்டாவது வகை என்றால் முதலில் கேட்க வேண்டியது, எண்ணெய் படுவதற்கு முன் வலையைச் சுத்த நீரில் நனைத்தீர்களா? காய்ந்த வலையில் எண்ணெய் முதலில் பட்டால் அந்த இடத்தில் நீர்ப் படலம் உட்காராது. இரவு நிறுத்தி வைத்து வலை காய்ந்து, காலையில் நேராக ஃபீட் விட்டிருந்தால் "ஒரு நாள் வேலை செய்து மறுநாள் விட்டது" என்பதற்கு அதுவே போதுமான காரணம். கழுவி நனைத்து மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து வலைக்கு மேல் தேங்கி நிற்கும் எண்ணெயின் உயரம். முன்பு சொன்ன அதே கணக்குதான். துளை 50 மைக்ரான் என்றால் தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும் அளவுதான், அதுவும் சோப்பு இல்லாமல் இருந்தால். சோப்பு கலந்து இழுவிசை பத்தில் ஒன்றானால் ஒன்றரை சென்டிமீட்டர். கூலன்ட்டின் துளிகளோ வலைத் துளையைவிடப் பல மடங்கு சின்னவை, எந்தப் பூச்சும் அவற்றை அங்கே நிறுத்தாது. வலைக்கு உரிய இடம் மிதக்கும் எண்ணெய். மெம்பிரேனுக்கு முன்னால், ஸ்கிம்மருக்குத் துணையாக வைத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

முதல் வகை வலையில் வேறு சிக்கல். லேசான எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே போய் வலை மேல் உட்காரும். எண்ணெய் வலையைத் தொடவே முடியாது. வெளியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் விதமாகப் பையாகவோ உருளையாகவோ மிதக்கவிட்டால்தான் பயன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்கள் கையாலேயே அள்ளியதைப் பார்த்தபோது, இந்த வகைப் பொருள்கள் வந்து சேர வேண்டிய இடம் அதுதான் என்று பட்டது.

கிராஃபீன் ஆக்சைடு (மிக மெல்லிய கார்பன் தாள்கள்) அடுக்கிய மெம்பிரேனைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவை உப்பும், அடுக்குகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்கிணைப்பு இல்லாவிட்டால் வேகமான ஓட்டத்தில் உரிந்தும் வரும். பெர்மியேட்டில் பழுப்புத் துணுக்கு தெரிந்தால் அதுதான். எந்தப் புதுப் பொருளை யார் கொண்டு வந்தாலும், டொலுயினும் தண்ணீரும் கலந்து செய்த டெமோவைப் பார்த்துத் தலையாட்டாமல், உங்கள் சம்ப்பின் இருபது லிட்டர் பழைய கூலன்ட்டைக் கொடுத்து ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: பொங்கல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஃப்ளக்ஸே இல்லை

மெம்பிரேன் காய்ந்திருக்கும். பிவிடிஎஃப் (ஒரு வகைப் பாலிமர்) மெம்பிரேன் என்றால், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டால், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மறுபடி நனைக்கலாம், பல நேரம் திரும்பி வரும். பக்கத்தில் வெல்டிங் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறைக்கு முன் நன்றாகக் கழுவி, சோடியம் பைசல்ஃபைட் கரைசலில் மூழ்க வைத்து, வால்வுகளை மூடிவிட்டுப் போங்கள். கூலன்ட்டை உள்ளேயே விட்டுப் போனால் திங்கட்கிழமை அழுகிய முட்டை நாற்றம் வரவேற்கும்.

மாற்றியே ஆக வேண்டிய அறிகுறிகள்

பிவிடிஎஃப் இழை பழுப்பாகி, மடக்கினால் முறிகிறது என்றால் சூடான காரம் அதைத் தின்றுவிட்டது. செராமிக் குழாயில் முடி போல விரிசல் தெரிந்தால், 70 டிகிரி கிளீனிங் முடிந்ததும் யாரோ பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் எந்தக் கெமிக்கலும் சரி செய்யாது. பழைய மாட்யூலைத் தூக்கிப் போடுவதற்கு முன் நுழைவாய்ப் பக்கமிருந்து ஒரு துண்டும் கடைசிப் பக்கமிருந்து ஒரு துண்டும் வெட்டி, ஈரம் காயாமல் பையில் கட்டி, தேதி எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். எது அடைத்தது, எது அரித்தது என்று அவர்கள் எழுதித் தருவதைப் பார்த்த பிறகு புது மாட்யூலுக்கு ஆர்டர் போடுங்கள்.